மதுஷா டீச்சரின் பக்கத்தில் ஒட்டிய சொல்

நல்லதொரு இணையப் பக்கம் கண்ணில் பட்டால் அதைச் சேமித்து வைக்காமல் எனக்குக் கை சும்மா இருக்காது. சிலர் முத்திரை சேர்க்கிறார்கள், சிலர் பழைய நாணயம் சேர்க்கிறார்கள், நான் இணைப்புகள் சேர்க்கிறேன். இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நீங்கள் இருவரும் பேரவையின் சார்பில் இந்தச் செங்குத்தான படிகளில் ஏறி வந்திருக்கிறீர்கள். முதலில் மூச்சு வாங்குங்கள். இந்த வருட விழாவில் எனக்குத் தரப்போகும் ‘ஊவாவின் தகவல் தந்தை’ பட்டத்துக்கு எதிராக ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது, அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் என் பக்கத்தையும் கேட்டுவிட வேண்டும் என்றீர்கள். நல்ல நடைமுறை. ஸ்பிரிங்வெளி மதுஷாவின் ஒன்லைன் வகுப்பு மூடப்பட்டதற்கு நான்தான் காரணமா என்பதுதானே கேள்வி? ஆமாம், நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை ஆறுதலாகப் பேசலாம். தேநீருக்குச் சொல்லியிருக்கிறேன்.

களஞ்சியத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திருந்தாலும் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பேரவையில் எல்லோரும் அதைப் புகழ்கிறார்களே தவிர யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. கொரோனாக் காலத்தில் போட்டோக் கொப்பி எடுக்கும் இந்தக் கொமியூனிகேஷன் கடையைப் பூட்டி வைத்திருந்தபோது தொடங்கினேன். பெயர், நம் மாகாணத்தின் பெயரால், ஊவா இணைப்புக் களஞ்சியம். பயனுள்ள ஒரு பக்கத்தைக் கண்டால் அதன் முகவரியை அங்கே சேமிக்கலாம். சேமிக்கும்போது அதற்கு நாலைந்து குறிச்சொற்களை ஒட்டலாம். ‘கணிதம்’ என்ற சொல்லைத் தொட்டால் அந்தச் சொல் ஒட்டிய பக்கங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். யாரும் சேமிக்கலாம், யாரும் ஒட்டலாம். முகப்பில் எல்லாக் குறிச்சொற்களும் கொத்தாகத் தெரியும். அதிகம் பயன்படும் சொல் பெரிதாகவும் மற்றவை சிறிதாகவும் இருக்கும். ஊர் எதைப் பற்றி யோசிக்கிறது என்பதை ஒரு பார்வையில் சொல்லிவிடும்.

யாரும் ஒட்டலாம் என்று விட்டதில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பக்கத்து உடுப்புக்கடை றில்வான், முறைப்பாட்டைக் கொடுத்தவரும் அவர்தான், தான் சேமித்தவற்றுக்கு ஒட்டிய சொற்களைக் கேளுங்கள். ‘மச்சான் அனுப்பினது’. ‘பிறகு பார்ப்பம்’. ‘மனுசி பார்க்கப்படாது’. கடைசிச் சொல்லை அவருடைய மனைவி றம்ஸியாதான் முதலில் தொட்டுப் பார்த்தார். அதன் கீழே இருந்தது, அவருக்குத் தெரியாமல் வாங்கிக் கொடுக்க றில்வான் விலை விசாரித்துக்கொண்டிருந்த ஒரு தையல் மெஷின். மெஷின் வீட்டுக்கு வந்த பிறகும் சமாதானம் வரச் சுணங்கியது. ஓய்வுபெற்ற உப அதிபர் ஒருவர் ‘முக்கியம்’, ‘மிக முக்கியம்’, ‘மிக மிக முக்கியம்’ என்று மூன்று குறிச்சொற்கள் வைத்திருந்தார். தன்னுடைய சொந்தக் கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் மூன்றாவதை ஒட்டினார். இவற்றையெல்லாம் நான்தான் உட்கார்ந்து திருத்தினேன். ஒரு பக்கம் எங்கே சேர வேண்டுமோ அங்கே சேர வேண்டும். என் கொள்கை அவ்வளவுதான்.

போன வருடம் உங்கள் பேரவை எனக்கு ‘இணையச் சுடர்’ பட்டம் தந்தது. அந்த விழாவை நான் மறக்கவில்லை. தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார், நான் அவருக்குப் போர்த்தினேன், பிறகு இருவரும் சேர்ந்து செயலாளருக்குப் போர்த்தினோம். மேடையில் பட்டம் இல்லாமல் நின்றவர் ஒலிபெருக்கிக்காரர் மட்டும்தான். அவர் முகம் வாடியதைப் பார்த்து அவருக்கும் ஒரு மாலை போட்டார்கள். பிரதம அதிதி எனக்குக் கை கொடுத்தபடி, சேருக்கு எந்த ஊர் என்று கேட்டார். பதுளை டவுன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் ரமேஸ் சேர்.

இனி மதுஷாவின் விடயத்துக்கு வருகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் அறைகளை லயம் என்கிறோம். லயத்து அறைக்குத் தபால்காரர் தேடி வரும்படியான முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போகும், அங்கே ஒரு மூலையில் கிடக்கும், யாராவது பெரட்டு நேரத்தில், அதாவது காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, ஞாபகம் வந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்ட கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதைகள் எத்தனையோ. அதனால் விபரம் தெரிந்த பிள்ளைகள் டவுனில் பழக்கமான ஒரு கடையின் முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துக்கும் ஹல்துமுல்லைப் பக்கத்துக்கும் என் கடை அப்படியொரு முகவரி. கடிதமும் பார்சலும் இங்கே வரும், ஆட்கள் டவுனுக்கு வரும்போது எடுத்துப் போவார்கள். இதற்கு நான் ஒரு சதமும் வாங்குவதில்லை. இதைப் பேரவை குறித்துக்கொள்ளலாம்.

மதுஷாவும் இந்த முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். மாடசாமி, இராக்கம்மா தம்பதியின் மகள். உயர்தரத்தில் கணிதம் படித்தவள். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஸூமில் வகுப்பு நடத்தினாள். வகுப்பின் பக்கத்தில் ‘மதுஷா டீச்சர், பதுளை’ என்று போட்டு என் கடை முகவரியை எழுதியிருந்தாள். லயத்துச் சுவர் தெரியாமல் பின்னால் ஒரு நீலத் துணியைத் தொங்கவிட்டுப் படிப்பித்தாள். நடுவில் கொழுந்து ஏற்றும் லொறியின் ஹோர்ன் கேட்டால், அது பிரதான வீதிச் சத்தம் என்று பிள்ளைகளிடம் சொல்வாளாம்.

அவளுடைய பக்கத்தைக் களஞ்சியத்தில் சேர்த்தவனே நான்தான். ‘கணிதம்’, ‘தரம் ஐந்து’, ‘பெண் ஆசிரியை’, ‘பதுளை’ என்று ஒட்டினேன். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பெற்றோர் அந்தச் சொற்களைத் தொட்டுத்தான் அவளைக் கண்டுபிடித்தார்கள். புலமைப்பரிசில் என்றால் நம்மவர்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை சித்தியடைந்தால் பனர் கட்டுவார்கள், தவறினால் கலியாண வீடுகளுக்குப் போகமாட்டார்கள். வகுப்பு நிறைந்தது. இரண்டாவது வகுப்பும் நிறைந்தது. இராக்கம்மா கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்தாள். அடுத்த வருடம் டவுனில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து அம்மாவைக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று மதுஷா இங்கே நின்று சொல்லியிருக்கிறாள். ஆகவே அந்த வகுப்பு அவளுக்கு என்னவென்று எனக்குத் தெரியாது என்று நான் வாதிடப் போவதில்லை.

ஒரு மாலை, கடையைப் பூட்டுமுன், அவளுடைய பக்கத்தைத் திறந்து இன்னொரு குறிச்சொல் ஒட்டினேன். ‘லயம்’.

முதலில் ‘தோட்டம்’ என்று ஒட்டலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்தச் சொல்லின் கீழே பண்டாரவளையில் ரோஜா வளர்ப்பவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களைக் குழப்புவது நியாயமில்லை.

ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அவளுடைய பக்கத்தை நீக்கவில்லை. ஒட்டிய மற்றச் சொற்களில் ஒன்றைக்கூடக் கழற்றவில்லை. உள்ள உண்மையை ஒரு சொல்லால் கூட்டினேன், அவ்வளவுதான். அவளே ஒட்டியிருந்தால் யாரும் அதைக் குற்றம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெற்றோர் யாரும் எதுவும் பேசவில்லை. நம்முடைய டவுன் ஆட்கள் நாகரிகமானவர்கள். ஒருவருடைய பிள்ளைக்கு வயலின் வகுப்போடு நேரம் அடிபட்டது. இன்னொருவருடைய பிள்ளைக்கு ஸ்கிரீன் பார்த்துக் கண் வலித்தது. வங்கி முகாமையாளரின் மனைவி புஷ்பராணி மெடம் இங்கே போட்டோக் கொப்பி எடுக்க வந்தபோது, குரலைத் தாழ்த்தி, “படிப்பிக்கிறது நல்லாத்தான் ரமேஸ். ஆனா பிள்ளை அந்தப் பேச்சுப் பழக்கம் எடுத்திரும் பாருங்க” என்றார். அவருடைய மகன் அதுவரை எடுத்திருந்த பழக்கம் வாய்ப்பாட்டை மனப்பாடமாகச் சொல்வது ஒன்றுதான். அதுவும் மதுஷா பழக்கியது.

வகுப்பில் பிள்ளைகள் குறையக் குறைய மதுஷா என்னிடம்தான் வந்தாள். இதே நாற்காலியில் உட்கார்ந்து, என்ன பிழை விடுகிறேன் என்று தெரியவில்லை என்றாள். நான் அக்கறையாகக் கேட்டேன். அந்த நீலத் துணியை மாற்றலாம், புத்தக அலுமாரி மாதிரிப் பின்னணி போடலாம், கொஞ்சம் மெதுவாகப் பேசலாம், இடையிடையே ஆங்கிலம் கலக்கலாம் என்று ஆலோசனை சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய் அப்படியே செய்தாள். அடுத்த கிழமை புத்தக அலுமாரிக்கு முன்னால் இருந்து படிப்பித்தாள், முன்னைவிடக் குறைந்த பிள்ளைகளுக்கு. அந்த ஆலோசனைகள் தரமானவை. இன்றும் யாருக்கும் சொல்வேன்.

இதற்கிடையில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஆட்கள் அந்தச் சொல்லைத் தேடித் தொடத் தொடங்கினார்கள், அதன் கீழே யார் இல்லை என்று பார்ப்பதற்காக. பெற்றோர்கள், கேக் ஓடர் கொடுப்பவர்கள், மணப்பெண் அலங்காரத்துக்கு ஆள் பிடிப்பவர்கள், எல்லோரும். மற்றவர்களையும் போட்டுவிடுங்கள் சேர், பாதியில் விட்டால் எப்படி என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பாதிப் பட்டியலைவிடப் பட்டியலே இல்லாமலிருப்பது மேல் என்பது எந்த நூலகருக்கும் தெரியும். என்னிடம் கடிதங்களும் பார்சல்களும் வந்துகொண்டிருந்தன. யார் எந்தத் தோட்டம் என்று பொதியின் மேல் பெயரைப் பார்த்தாலே தெரியும். ஹல்துமுல்லையிலிருந்து கேக் செய்யும் பிள்ளை, அவளுடைய அச்சுகள் இங்கேதான் வரும். மணப்பெண் அலங்காரம் செய்யும் பிள்ளை. கலியாண வீடியோ எடுக்கும் பையன். ஒவ்வொருவருடைய பக்கத்தையும் எடுத்து ஒட்டினேன். பார்சலையும் பத்திரமாகக் கொடுத்தேன். ஒன்றுகூடத் தொலையவில்லை.

முகப்பில் அந்தச் சொல் வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் ‘மரக்கறி விலை’யைத் தாண்டியது. பிறகு ‘கல்வி’யைத் தாண்டியது. ஒரு நாள் பார்த்தால் ‘பதுளை’யைவிடப் பெரிதாக நின்றது. உங்கள் தலைவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் களஞ்சியம் மக்கள்மயப்பட்டுவிட்டது என்று சொல்லி ‘தகவல் தந்தை’ பட்டத்தை முன்மொழிந்தார். தம்முடைய மகனுக்குப் பேசி வந்த பெண்ணின் பக்கத்தையும் அங்கே சரிபார்த்துக்கொண்டதாக என்னிடம் நன்றியோடு சொன்னார். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

றில்வான் மட்டும் தன் மகளை நிறுத்தவில்லை. நூருல் இனாயா கடைசி வரை மதுஷாவிடம்தான் படித்தாள். ஒரு நாள் றில்வான் கடை வாசலில் நின்றபடி கேட்டார்.

“ரமேஸ் சேர், இந்தச் சொல்லு என்னத்துக்கு? புள்ளைக்குக் கணக்கு வருது. அது லயத்துக் கணக்கா டவுன் கணக்கா என்டு மார்க் போடுறவனுக்குத் தெரியவா போகுது?”

தகவல் என்றால் முழுமையாக இருக்க வேண்டும் என்று விளக்கினேன். அப்படியென்றால் தன்னுடைய பக்கத்தில் ‘கடன்காரன்’ என்றும், உப அதிபரின் பக்கத்தில் ‘குறட்டை’ என்றும் ஒட்டிவிடச் சொன்னார். றில்வானோடு அறிவுபூர்வமாகப் பேசுவது கடினம்.

விடயம் மதுஷாவுக்குத் தெரியவந்ததும் அந்தச் சிறுமியால்தான். வகுப்புக்குள் போவதற்கு அவள் களஞ்சியத்தைத் திறந்திருக்கிறாள். டீச்சரின் பெயருக்குக் கீழே இருந்த சொற்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, லயம் என்டா என்ன டீச்சர் என்று கேட்டிருக்கிறாள். மதுஷா, “நான் குடியிருக்கிற இடம் மகள்” என்றாளாம். பிறகு பின்னங்களைத் தொடர்ந்தாளாம். இதை றில்வான்தான் எனக்குச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மதுஷா கடைக்கு வந்தாள். சண்டை பிடிப்பாள் என்று நினைத்து, வெளியே கேட்காதபடி கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். அவள் போனை எடுத்து அந்தச் சொல்லைத் தொட்டு, வந்து நின்ற வரிசையை விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள். கேக் பிள்ளை, வீடியோப் பையன், எல்லோரையும். முடிவு வரை போய்விட்டு நிமிர்ந்தாள்.

“எல்லாரும் இருக்கோம் சேர். நீங்க மட்டும் இல்லியே.”

நான் நிர்வாகி என்றேன். நிர்வாகியின் பக்கத்துக்கு மற்றவர்கள் ஒட்ட முடியாதபடி தளத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதை அவளுக்கு நிதானமாக விளங்கப்படுத்தினேன். கேட்டுக்கொண்டு நின்றாள். தனக்கு வந்திருந்த பார்சலை எடுத்துக்கொண்டு, தன் முகவரியை இனி வேறு கடைக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அந்த மாத முடிவில் வகுப்பு நின்றது. இப்போது கொழும்பில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாளாம். இராக்கம்மா திரும்பவும் கூடையோடு பெரட்டுக்குப் போகிறாளாம். இனாயா கணிதத்துக்கு ஆளில்லாமல் இருக்கிறாள். அதுதான் றில்வானின் கோபம்.

ஏன் முதலில் மதுஷா என்று கேட்கிறீர்கள். களஞ்சியத்தில் எத்தனையோ பக்கங்கள் இருக்க, ஏன் அன்று மாலை, ஏன் அவளுடையது? தற்செயல் என்று சொல்லலாம். அந்தப் பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். ஆனால் நீங்கள் மரியாதையாகக் கேட்டீர்கள்.

ஸ்பிரிங்வெளியில் அவள் இருந்த லயத்தில்தான் நானும் பிறந்தேன். அவர்கள் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரு சுவர். இது இரகசியம் ஒன்றுமில்லை, யாரும் கேட்கவில்லை. தோட்டத்துக்கு நான் போய் வருடக்கணக்காகிறது. பஸ் நிற்குமிடத்திலேயே நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அந்தப் பஸ்ஸில் டவுன் ஆட்களும் வருவார்கள். வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதை மதுஷாவிடம் கொடுத்தனுப்புவேன். வீட்டு விபரங்களையும் அவள்தான் கொண்டுவருவாள். அப்போதெல்லாம் அவள் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து.

அந்தச் சொல்லை ஒட்டிய அன்று புஷ்பராணி மெடம் கடைக்கு வந்திருந்தார். மதுஷாவும் பார்சல் எடுக்க வந்தாள். ஸூமில் மட்டும் பார்த்திருந்த டீச்சரை நேரில் கண்டதும் மெடத்துக்குப் பெரிய சந்தோசம். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, மகன் இப்போது கணக்குப் புத்தகத்தைத் தானாகவே திறக்கிறான் என்று பாராட்டினார். அந்தப் பூரிப்பில் மதுஷா இடத்தை மறந்துவிட்டாள். என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, பெரியம்மா ரெண்டு நாளா கொழுந்துக்குப் போகலண்ணே. காய்ச்சல். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.”

யார் ரமேஸ் அந்தப் பெரியம்மா என்று மெடம் கேட்டார். தெரிந்த ஒரு மனுசி, தோட்டத்தில் இருக்கிறாள், பாவம், நான்தான் இடைக்கிடை உதவி செய்கிறேன் என்றேன். எவ்வளவு நல்ல மனசு என்றார் மெடம். மதுஷா என்னைப் பார்த்தாள். பிறகு மெடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஆமாங்க மெடம். சேர் ரொம்ப உதவி.”

அதுதான் அவள் என்னை முதன்முதலாகச் சேர் என்று சொன்னது. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். சிக்கலே அங்கேதான். காட்டிக்கொடுத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். காட்டிக்கொடுக்காதவளின் கையில் அது அப்படியே பத்திரமாக இருந்தது. அடுத்த வருடம் அவள் டவுனுக்கே குடிவரப் போகிறாள். இதே மாதிரி எத்தனை மெடம்களோடு கை கோத்துக்கொண்டு நிற்பாள், எத்தனை முறை இடத்தை மறப்பாள்? அவள் எங்கிருந்து வருகிறாள் என்பது முதலில் தெரிந்துவிட்டால், அவள் வாயிலிருந்து வருவதை யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள். அதனால் ஒட்டினேன். மற்றவர்களுக்கும் ஒட்டியது, அந்த ஒரு சொல் அவளுக்கு மட்டும் இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்பதற்காக.

ஆமாம், பெரியம்மா என்று அவள் சொன்னது என் அம்மாவைத்தான்.

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள். பட்டத்தைப் பற்றி நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் நான் மதிப்பேன். அழைப்பிதழில் ஊர் போடுவதாக இருந்தால் பதுளை என்றே போடுங்கள்.

அந்தக் காய்ச்சல் என்னவாயிற்று என்று கேட்கிறீர்கள். பிறகு ஆலோசனை கேட்க வந்த அன்றும் மதுஷா அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கடையில் ஆள் இருந்ததால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். வீட்டு விபரம் கொண்டுவருகிறவள் அவள் ஒருத்திதான், அவள் இப்போது வருவதில்லை. அதனால் அந்தத் தகவல் என்னிடம் இல்லை.